என் அறைக்கு வைனில் வேண்டாம்

மகன்,

நீ சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கப் போவதில்லை. சனிக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தாய். நான் சுகம் என்று எழுதினால் அது பொய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ எடுத்த ரெலிபோன் அழைப்புகளுக்கெல்லாம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, பிறகு "பற்றரி இல்லை" என்று செய்தி அனுப்பினேன். பற்றரி இருந்தது. எனக்குக் கோபம். உன் அப்பாவோடு கூட நான் இவ்வளவு கோபமாக இருந்ததில்லை, அந்த மனிதர் அதற்கு எத்தனையோ காரணங்கள் தந்தவர்.

இந்தக் கடிதத்தை எங்கள் லண்டன் எட்மண்டன் முதியோர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். "ஏதாவது எழுதித் தாங்கோ அக்கா, சமையல் குறிப்பெண்டாலும் பரவாயில்லை" என்று மலர்க் குழுவில் இருப்பவர் என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தார். கத்தரிக்காய் பிரட்டல் பற்றி எழுதலாம் என்று இருந்தேன். இப்போது கத்தரிக்காய் வேண்டாம். நீ கடைக்காரன் ஒருவனுக்கு முன்னால் என்னைப் பற்றிச் சொன்னாய், நான் எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன். உன் பெயரை எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. ஆனால் ஹரோவில் தரைக்குக் கீழே ஹீட்டிங் பூட்டி வீட்டைப் பெருப்பிக்கிற மகன் யாரென்று கண்டுபிடிக்க எங்கள் ஆட்களுக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அழுது அழுது படித்த தமிழ் உனக்கு இப்போது உதவட்டும். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசி. ஷாமினியிடம் கொடுத்துவிட்டு, "என்னவாம் அம்மா?" என்று சுருக்கம் கேட்காதே.

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா போன பிறகு நான் எட்மண்டனில், நகரசபை வாடகைக்குத் தருகிற கவுன்சில் பிளாட்டில் தனியாக இருக்கிறேன். போன மாரிக் குளிரில் இடுப்பில் ஒப்பரேஷன் செய்து, சில கிழமைகள் உன் வீட்டில் கிடந்தேன். அப்போதுதான் நீயும் உன் மனைவி ஷாமினியும் முடிவெடுத்தீர்கள். வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டுவது, கீழே எனக்கென்று ஓர் அறை, பக்கத்திலேயே பாத்ரூம், அம்மா இனிப் படி ஏறத் தேவையில்லை. நான் பிளாட்டைக் கவுன்சிலிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட வேண்டும். கீழ்த்தளம் முழுக்க ரேடியேட்டர் ஒன்றும் கிடையாது, தரைக்குள்ளேயே சுடுதண்ணீர்க் குழாய்கள். அந்தக் குழாய்கள் வளைந்து வளைந்து போவதை நீ படமெடுத்து அனுப்பினாய். "அம்மா, ஜேர்மனியில எங்கட வீடு மாதிரியே. இனி உங்களுக்குக் கால் விறைக்காது" என்று குரல் செய்தியும் அனுப்பினாய். அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் காதில் வைத்துக் கேட்டிருக்கிறேன்.

ஜேர்மனி வீட்டை நீ எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாய் என்று தெரியாது, லண்டனுக்கு நாங்கள் வந்தபோது நீ சின்னப் பிள்ளை. அகதி விடுதியின் ஒற்றை அறையிலிருந்து தப்பி, புதிதாகக் கட்டிய கட்டடத்தில் கீழ்வீடு கிடைத்ததும், அப்பா சுவர் சுவராக ரேடியேட்டரைத் தேடினார். "வீட்டுக்காரி எங்களை ஏமாத்திப்போட்டாள், ஹீட்டரே இல்லை" என்று கத்தினார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தரை சூடு. சாம்பல் நிற வெறும் டைல்ஸ், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ரெஸ்ரோரண்டில் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் மனிதர் கட்டிலுக்குப் போகமாட்டார், குளிர் விடும்வரை தரையில் குப்புறக் கிடப்பார். அந்தச் சூட்டை அவரே கெடுத்தார். பாரிஸிலிருந்து சொந்தக்காரர் வருகிறார்கள் என்றதும் அவருக்கு வெட்கம் பிடித்துவிட்டது. "ஆக்களை வெறுந்தரையில நடக்கவிட்டால் என்ன நினைப்பினம்? காப்பெட் இல்லாத வீடு வீடே?" என்று பூப்போட்ட தடித்த காப்பெட் ஒன்றும், அதற்குக் கீழே போடத் தடித்த அண்டர்லே ஒன்றும் வாங்கி வந்து ஹோல் முழுக்க மூடினார். வந்தவர்கள் அன்பளிப்பாகத் தந்ததும் இன்னொரு விரிப்பு. அதையும் அதற்கு மேலே போட்டார். மூலையில் அரிசி மூட்டைகள். கீழே குழாய் கொதித்துக்கொண்டிருந்தது, மேலே நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் சூட்டைக் கூட்டக் கூட்ட, அரிசியில் வண்டு பிடித்ததுதான் மிச்சம். வீட்டுக்காரி வந்து காப்பெட்டின் மூலையைத் தூக்கிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எங்களை ஏறிட்டுப் பார்த்தாள். அன்றைக்கே எல்லாவற்றையும் சுருட்டி நிலவறையில் போட்டோம்.

ஆகவே தரையைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். உனக்கு என்னைவிட அதிகம் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. கண்ணும் கருத்துமாகப் படித்தாய். டைல்ஸ் சூட்டை உடனே மேலே விடும், காப்பெட் போடுவதானால் மெல்லியதாகவும் அண்டர்லே அதைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும், முழு மரம் சூட்டில் விரிந்து சுருங்கித் தொல்லை தரும், ஆனால் மேலே ஓக் மரமும் கீழே ஒட்டுப்பலகையும் வைத்துச் செய்த பலகை தாங்கும் என்று ஒவ்வொன்றாக எனக்கு விளங்கப்படுத்தினாய். எல்லாம் சரியாகத்தான் சொன்னாய். என் கோபம் உன் அறிவோடு இல்லை.

சனிக்கிழமை அந்தக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். நடுவில் ஒரு மேடை, உள்ளே ஹீட்டிங் ஓடுகிறது, மேலே வெவ்வேறு தரைத் துண்டுகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். நான் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினேன். வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்காத ஆட்கள் நாங்கள், தரையைக் காலால் பார்க்காமல் வேறு எதால் பார்ப்பது? "அம்மா, சப்பாத்தைப் போடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாய். "அவவை விடுங்கோவன்" என்று ஷாமினிதான் உன்னைத் தடுத்தாள். டைல்ஸில் நின்றேன், சூடு சுள்ளென்று ஏறியது. காப்பெட்டில் நின்றேன், ஒன்றும் தெரியவில்லை. ஓக் பலகையில் நின்றேன். சூடு மெதுவாகத்தான் வந்தது, ஆனால் உள்ளங்கால் முழுக்க வந்தது. "இது நல்லாயிருக்கு தம்பி" என்றேன். "ஓம் அம்மா, ஹோலுக்கும் கொரிடோருக்கும் இதுதான் போடப் போறம்" என்றாய். எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தக் கொரிடோரின் முடிவில்தானே என் அறை.

பிறகு கழுத்தில் அட்டை தொங்கவிட்ட கடைக்காரன் வந்தான். அறை அறையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவன், "கடைசி அறை யாருக்கு?" என்றான். நீ குரலைத் தணித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாய். பள்ளிக்கூடக் கன்ரீனில் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சாப்பாடு போட்டவள் நான், எனக்கு ஆங்கிலம் விளங்கும் என்று உனக்குத் தெரியும். குரலைத் தணித்தால் விளங்காது என்று நினைத்தாயோ என்னவோ. அது என் அம்மாவின் அறை, ஈரம் தாங்க வேண்டும், துடைக்க லேசாக இருக்க வேண்டும், அவவுக்குச் சில நேரம் சிறுநீர் தவறிவிடும் என்றாய். இதுதான் நீ சொன்னது. அவன் எல்லாம் விளங்கினவன் போலத் தலையை ஆட்டினான். திரும்பி என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான். நான் வெறுங்காலோடு நிற்கிறேன். "முதியோர் இல்லங்களுக்கு நாங்கள் இதைத்தான் கொடுக்கிறோம்" என்று வைனில் என்கிற பிளாஸ்டிக் தரை விரிப்புச் சுருள் ஒன்றை இழுத்து விரித்தான். ஓரங்களைச் சுவரில் கொஞ்சம் மேலே ஏற்றி ஒட்டலாமாம், எவ்வளவு கொட்டினாலும் ஒரு துளி கீழே போகாதாம்.

நீ அதைத் தடவிப் பார்த்தாய். இதற்குக் கீழே ஹீட்டிங் போகுமா என்று கேட்டாய், போகும் என்றான், உன் முகத்தில் ஒரு திருப்தி. பிறகு என் பக்கம் திரும்பினாய். "அம்மா, உங்களுக்கு எந்தக் கலர் விருப்பம்?" கலரை நான் தெரிவு செய்யலாமாம். மர நிறத்திலும் இருக்கிறதாம், பார்த்தால் ஓக் மாதிரியே இருக்குமாம்.  கதிரையில் இருந்து காலுறையைப் போட முயன்றேன். ஒப்பரேஷனுக்குப் பிறகு குனிந்து காலுறை போடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். வேறொரு நாளென்றால் ஓடி வந்து நீயே மாட்டிவிட்டிருப்பாய். அன்றைக்கு நீ கவனிக்கவில்லை, அறையின் நீள அகலத்தை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஷாமினி வந்து மாட்டிவிட்டாள். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரில் நடந்ததையும் எழுதுகிறேன், பிறகு அம்மா கூட்டிச் சொல்கிறா என்று நீ சொல்லக்கூடாது.

"ஏன் அம்மா பேசாமல் வாறியள்?" என்றாய்.

"அந்த ஆளுக்கு ஏன் சொன்னனி?"

"என்னத்தை?"

"எனக்குத் தவறிப்போன கதையை."

"அம்மா, அவன் தரை விக்கிறவன். சொன்னால்தானே சரியான சாமானைக் காட்டுவான். டொக்டருக்குச் சொல்லுறேல்லையே?"

"அவன் டொக்டரே?"

பின்னால் இருந்த ஷாமினி, "மாமி, இவர் உங்கட நல்லதுக்குத்தான் கேட்டவர். அண்டைக்கு மாதிரி ஒண்டு நடந்தால்..." என்று தொடங்கினாள்.

"பிள்ளை, அண்டைக்கு நடந்தது உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.  நீ ரேடியோவைக் கூட்டினாய்.

இனி அந்தக் காலையைப் பற்றி எழுதத்தான் வேண்டும். ஒப்பரேஷன் முடிந்து உன் வீட்டில் இருந்த நாட்களில் ஒரு காலை, பொல்லை ஊன்றிக்கொண்டு ரொய்லெட்டுக்கு வெளிக்கிட்டேன். பாதி வழியில் தவறிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முன்னாலும் போக ஏலவில்லை, பின்னாலும் போக ஏலவில்லை. நீ வேலைக்குப் போக ஷேர்ட்டுக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டே படியால் இறங்கி வந்தாய்.  கைத்தாங்கலாக என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினாய், மாற்றுடுப்பு எடுத்துத் தந்தாய், நல்ல காற்சட்டையோடு முழங்காலில் நின்று தரையைத் துடைத்தாய். நான் அழுதேன். "ஒண்டுமில்லை அம்மா, விடுங்கோ. இது எங்கட ரெண்டு பேரோடயும் இருக்கட்டும்" என்றாய். அன்றைக்கு நீ வேலைக்குப் பிந்தித்தான் போனாய். உன் அப்பா செத்த பிறகு என்னை ஒருவர் அவ்வளவு பத்திரமாகத் தொட்டது அன்றைக்குத்தான். உன்னோடு வந்து இருக்க நான் ஏன் சம்மதித்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அறைக்காகச் சம்மதிக்கவில்லை, சூடான தரைக்காகவும் சம்மதிக்கவில்லை. அந்தக் காலைக்காகத்தான் சம்மதித்தேன். இந்தப் பிள்ளையிடம் நான் வயதுபோகலாம், வெட்கப்படத் தேவையில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் நீ கடையில் வைத்து உடைத்தாய். 

நீ குழந்தையாக நனைத்த தரைகளை நான் இங்கே கணக்குக் காட்டப் போவதில்லை. எல்லாத் தாய்மாரும் அதைத்தான் சொல்வார்கள், எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. பிள்ளை நனைத்தால் ஊரே கூடிச் சிரிக்கும், கிழவி நனைத்தால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன்னிடம் கைம்மாறு கேட்டு நான் எழுதவில்லை. என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி முடிவெடுத்தாய் என்றுதான் எழுதுகிறேன். சமையலறைக்கு என்ன தரை என்று ஷாமினியைக் கேட்டாய், அவள் டைல்ஸ் என்றாள். ஹோலுக்கு என்ன என்று இரண்டு பேரும் ஒரு மாதமாகச் சண்டை பிடித்தீர்கள். என் அறைக்கு மட்டும் ஒருவருக்கும் சண்டை பிடிக்கத் தோன்றவில்லை, கடைக்காரனோடு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வைனில் கெட்ட சாமான் என்று நான் சொல்லவில்லை. சூடு நன்றாகத்தான் வரும், காலுக்கு மெத்தென்று இருக்கும், விலையும் குறைவு. தோர்ண்டன் ஹீத்தில் என் சிநேகிதி ஒருத்தியின் சமையலறையில் போட்டிருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லை. அவ்வளவு நல்லதென்றால் உன் ஹோலுக்குப் போடு. ஏன் போடமாட்டாய்? உன் சிநேகிதர்கள் கிரிக்கெட் பார்க்க வந்து விஸ்கியைக் கொட்டிவிட்டுத்தானே போகிறார்கள்? அவர்களுக்காக எந்தக் கடைக்காரனிடமாவது குரலைத் தணித்தாயா? அவர்கள் கொட்டினால் அது கலகலப்பான வீடு, நான் கொட்டினால் அது முதியோர் இல்லம். கொரிடோரில் ஓக் வந்து என் வாசலில் நிற்கும், வாசலில் ஒரு உலோகப் பட்டி அடிப்பார்கள், அதற்கு அங்கால் பிளாஸ்டிக் தொடங்கும். அந்தப் பட்டியை நான் நாளுக்கு எத்தனை தரம் தாண்ட வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாயா? வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பட்டியைப் பார்த்ததும், "ஓ, இது அம்மாவின்ர அறை" என்று கேட்காமலே விளங்கிக்கொள்வார்கள். ஏன் பிளாஸ்டிக் என்பதும் சேர்த்து விளங்கிவிடும்.

இனி உன் ஈரத்துக்கு வருகிறேன். குழாய்களுக்கு மேலே ஊற்றிய சீமெந்து இன்னும் காயவில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, நீயே சொன்னாய். ஈரம் பார்க்கிற கருவியைத் தரையில் வைத்துக் காட்டி, "இன்னும் பச்சையா இருக்கு அம்மா, மாதக்கணக்கில காய விடவேணும். அவசரப்பட்டுப் பலகை போட்டால் ஈரம் மேல வந்து பலகை வளைஞ்சுபோம்" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். பிறகு கனடாவிலிருந்து உன் மாமியார் புது வீட்டில் பால் காய்ச்சுகிற குடிபூரலுக்கு நாள் பார்த்து அனுப்பினார். அந்த நாளை விட்டால் இந்த வருடம் நல்ல நாள் இல்லையாம். பிளேன் ரிக்கெற்றும் எடுத்துவிட்டார். ராகுகாலம் என்றால் சிரிக்கிற நீ, கோயிலுக்குக் கூப்பிட்டால் பார்க்கிங் இல்லை என்கிற நீ, உடனே பணிந்துவிட்டாய். "ஹீட்டிங்கைக் கூட்டிவிட்டால் கெதியாக் காஞ்சிடும் அம்மா" என்றாய். அப்படிக் காய வைத்தால் சீமெந்து வெடிக்கும் என்று சொன்னதும் நீதான், அதற்கு முந்தின கிழமை.

நானும் நாள் பார்க்கிறவள். உன் கலியாணத்துக்கு மூன்று ஐயர்மாரிடம் நாள் கேட்டவள். ஆனால் ஈரச் சீமெந்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது. பால் பொங்குகிற அன்று புதுப் பலகையில் எல்லாரும் நடப்பார்கள், படம் எடுப்பார்கள், உன் மாமியார் மனம் குளிர்ந்து பிளேன் ஏறுவார். அதற்குப் பிறகு பலகையின் ஓரங்கள் ஒவ்வொன்றாகத் தூக்கும். நீ பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் எல்லாவற்றையும் கிளப்பி எடுப்பாய். இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் துணிகிறாய், சம்பந்தியின் மனம் நோகக்கூடாது என்று. வீடு முழுக்க இருக்கிற ஈரத்தை உன்னால் காணாததுபோல் விட முடிகிறது. எனக்கு எப்போதோ ஒருநாள் தவறக்கூடும் என்பதற்கு மட்டும் ஓர் அறை முழுக்கப் பிளாஸ்டிக் விரிக்கிறாய். அதில் என் மனம் நோகுமா என்று உனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, மகன். ஷாமினியின் அம்மா ஒரு கிழமைக்கு வந்து போகிறவர், நான் அந்த வீட்டில் சாகப் போகிறவள்.

கத்துவதோடு விட்டுவிட்டால் நான் உன் அப்பா போல் ஆகிவிடுவேன், ஆகவே செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். குடிபூரலை அந்த நாளில் வெறும் சீமெந்தில் வைத்துச் செய். பால் காய்ச்ச அடுப்பு இருந்தால் போதும், ஓக் தேவையில்லை. வருகிறவர்களுக்கு மடக்குக் கதிரை வாடகைக்கு எடு. உன் மாமியாரோடு நானே கதைக்கிறேன், அவரும் வீடு கட்டினவர், சொன்னால் விளங்கிக்கொள்வார். நீதான் கேட்டுப் பார்க்கவில்லை. சீமெந்தை அதன்பாட்டில் காய விடு, ஹீட்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. காய்ந்துவிட்டது என்று கருவி சொன்ன பிறகு பலகையைப் போடு. போட்ட பிறகு அதன் மேல் பெரிய விரிப்பு ஒன்றும் விரிக்காதே, ஷாமினிக்குப் பிடித்த அந்தத் தடித்த கம்பளத்தை மேல்மாடிப் படுக்கையறைக்குக் கொண்டு போ. அரிசி மூட்டையைச் சூடான தரையில் வைக்காதே, ஒரு பலகைத் தட்டு அடித்து உயரத்தில் வை.

என் அறைக்கும் அதே ஓக்தான் வேண்டும். கொரிடோரில் வருகிற பலகை என் கதவுக்குக் கீழால் நேரே உள்ளே வரவேண்டும், நடுவில் பட்டி இல்லாமல். டைல்ஸ் போடுவம், அதுவும் துடைக்கலாம் என்று சமாதானத்துக்கு வராதே. அதையும் நீ துடைக்கிற கணக்கில்தான் சொல்வாய். எனக்கு ஓக் பிடித்திருக்கிறது, வெறுங்காலோடு நின்று பார்த்துத்தான் சொன்னேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்காரரோ கவுன்சிலோ போட்டுத் தந்த தரையில்தான் நடந்தேன், இது நானாகக் கேட்கிற முதல் தரை. அது ஈரம் தாங்காது என்பது எனக்குத் தெரியும். கறை படும், ஊறும், சில பலகைகளை மாற்ற வேண்டியும் வரலாம். தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

பிளாட்டை ஒப்படைக்கிறேன் என்று கவுன்சிலுக்கு அனுப்ப நீ அடித்துத் தந்த கடிதம் மேசையில் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. வைத்துவிட்டால் இந்த வீடு எனக்குத் திரும்பக் கிடைக்காது. லண்டனில் ஒரு கவுன்சில் பிளாட் கிடைக்க நானும் அப்பாவும் எத்தனை வருடம் காத்திருந்தோம் என்று உனக்குத் தெரியும். இங்கே குளிர்கிறது, காப்பெட் நாறுகிறது, லிப்ட் பாதி நாள் வேலை செய்யாது. ஆனாலும் இங்கே எனக்குத் தவறினால் நானே துடைத்துக்கொள்கிறேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு, பொல்லில் துணியைச் சுற்றி, அவசரப்படாமல் ஆறுதலாகத் துடைக்கிறேன். ஓம், இங்கேயும் நடந்திருக்கிறது. உனக்கு நான் சொல்லவில்லை.

இனியும் நடக்கும். வயது போகப் போக இன்னும் அடிக்கடி நடக்கும், அதை நான் மறைக்கப் போவதில்லை. உன் வீட்டுக்கு வந்தால் உன் நல்ல ஓக் பலகையில் நடக்கும். அப்போது நான் பேசாமல் ஒளித்துத் துடைக்கமாட்டேன், குனிந்து துடைக்க இனி என்னால் ஏலாது. நின்ற இடத்தில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ ஓடி வருவாய், அது எனக்குத் தெரியும். வந்து முதலில் என் முகத்தைப் பார்ப்பாயா, பலகையைப் பார்ப்பாயா? அதை எனக்கு ரெலிபோனில் சொல்லாதே, நேரில் வந்து சொல்லு. அதன் பிறகுதான் கையெழுத்து.

அம்மா